ஜெனரல் சுந்தர்ஜி சொன்ன கெடு

1987-ல் இந்தியா இலங்கைக்கு அனுப்பிய அமைதிப்படை என்று பேச்சு எழுந்தால் சென்னையில் யார் தலையில் பழியைப் போடுவது என்பதில் பெரிய குழப்பம் இருப்பதில்லை. ராஜீவ் காந்தி, இலங்கை அதிபர் ஜெயவர்த்தனா, கொழும்பில் இருந்த இந்தியத் தூதர் தீட்சித், உளவுத்துறை, பிரபாகரன் என்று அவரவர் கட்சிக்கும் வயதுக்கும் ஏற்ப வரிசை மாறும், அவ்வளவுதான். அந்தப் படையை அனுப்பிய ராணுவத்தின் தலைமைத் தளபதி செங்கல்பட்டில் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பட்டாளத்துக்குப் போன ஒரு தமிழர் என்பது அந்த வரிசையில் அநேகமாக வருவதே இல்லை. கிருஷ்ணசாமி சுந்தரராஜன், ஊர் அறிந்த பெயர் ஜெனரல் சுந்தர்ஜி. 1986 பிப்ரவரி 1 முதல் 1988 ஏப்ரல் 30 வரை தலைமைத் தளபதி. 27 மாதம். அதற்குள் சீன எல்லையில் முறைப்பு, பாகிஸ்தான் எல்லையில் போர் மூளும் நிலை, போஃபர்ஸ் பீரங்கி பேர விவகாரம், யாழ்ப்பாணம் என நாலும் நடந்து முடிந்துவிட்டன. அதற்கு முன்பே அவர் மேற்குப் பிராந்தியத் தளபதியாக இருந்து பொற்கோயிலுக்குள் படையை அனுப்பியவர்.

அவரைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு அணி. ஓர் அணிக்கு அவர் இந்திய ராணுவம் கண்ட கூர்மையான மூளை. அணு ஆயுதம், இயந்திரமயமான காலாட்படை, கணினி வழிப் போர்ப் பயிற்சி எல்லாவற்றையும் மற்றவர்களுக்கு முன்பே யோசித்தவர். இன்னோர் அணிக்கு அவர் அரசியல்வாதிகள் கேட்க விரும்பியதைச் சொன்ன அவசரக்காரர். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது, அதுதான் நெருடல். அவருடைய பெரிய நடவடிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே பழக்கம் தெரிகிறது. எத்தனை நாளில் முடியும் என்று மேலே கேட்பார்கள். இவர் தயங்காமல் ஒரு கெடு சொல்வார். எதிரில் நின்றது ஓர் அரசாங்கமாக இருந்தபோது அந்தத் துணிச்சல் பலித்தது, குறைந்தபட்சம் சேதாரமில்லாமல் முடிந்தது. எதிரில் இருந்தவன் ஒரு கட்டடத்துக்குள்ளோ, ஒழுங்கை எனும் யாழ்ப்பாணச் சந்துக்குள்ளோ மக்களோடு மக்களாக இருந்தபோது பலிக்கவே இல்லை. இது இரண்டு வெவ்வேறு சுந்தர்ஜிகளின் கதை என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே கணக்கு, ஒரே ஆள், கேள்வித்தாள்தான் மாறியது.

வேகம் என்ற கொள்கை

1946-ல் மகார் ரெஜிமென்ட்டில் அதிகாரியாகச் சேர்ந்தவர். காங்கோவில் ஐ.நா. படையில் இருந்தார், 1965 போரில் பட்டாலியன் நடத்தினார், 1971-ல் வங்கதேசத்தின் ரங்பூர் பக்கம் போரிட்ட படையின் தலைமையகத்தில் இருந்தார். இதெல்லாம் அந்தத் தலைமுறை அதிகாரிகள் பலருக்கும் உள்ள வரலாறுதான். வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது. காலாட்படைக்காரரான அவரிடம் ராணுவத்தின் முதலாவது கவச டிவிஷனைக் கொடுத்தார்கள். டாங்கிக்காரர்களின் குதிரை வீரர் மிடுக்கு அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். 1975-ல் ராணுவத்தை எப்படி மாற்றியமைப்பது என்று ஆராய கே.வி. கிருஷ்ணராவ் தலைமையில் அமைந்த சிறு குழுவிலும் அவர் இருந்தார். அந்த யோசனைகளின் நேரடி விளைவாக 1979-ல் இயந்திரமயக் காலாட்படை ரெஜிமென்ட் பிறந்தது.

அதில் என்ன புதுமை? 1965, 1971 போர்களில் பஞ்சாப் சமவெளியில் ஒரு சிக்கல் திரும்பத் திரும்ப வந்தது. டாங்கி வயலிலும் மணலிலும் இறங்கி ஓடிவிடும். காலாட்படை லாரியில் வரும். லாரி சாலையை விட்டு இறங்கினால் புதையும், வாய்க்கால் வந்தால் நிற்கும், பீரங்கிச் சில்லு பட்டால் தீர்ந்தது. துணைக்குக் காலாள் இல்லாத டாங்கி, கரும்புத் தோட்டத்தில் ஒளிந்திருக்கும் டாங்கி எதிர்ப்பு வீரனுக்கு நல்ல இலக்கு. ஆகவே டாங்கியோடு அதே வேகத்தில் ஓடக்கூடிய, தண்ணீரில் நீந்தக்கூடிய, தானே சுடக்கூடிய வண்டிக்குள் காலாளை ஏற்ற வேண்டும். சோவியத் தயாரிப்பான பி.எம்.பி. அதற்கு ஏற்ற வண்டி. பி.எம்.பி.-2 சுமார் 14 டன். ஓட்டுநர், கமாண்டர், சுடுநர் என்று மூவர், பின்னால் ஏழு வீரர்கள், மேலே 30 மி.மீ. பீரங்கி, சாலையில் மணிக்கு 65 கிலோமீட்டர். பின்னாளில் மேதக் ஆலையில் ‘சரத்’ என்ற பெயரில் உள்நாட்டிலேயே செய்தார்கள். அதற்கான இன்ஜின் நம் ஆவடியில் தயாராகிறது.

அந்த வண்டியின் வயிற்றையும் பார்க்க வேண்டும், பின்னால் தேவைப்படும். நீந்த வேண்டுமென்றால் எடை குறைய வேண்டும். எடையைக் குறைத்தால் தகடு மெலியும். பக்கத் தகடு துப்பாக்கித் தோட்டாவையும் பீரங்கிச் சில்லையும் தாங்கும். அடித்தகடோ மிக மெல்லியது. வீரர்கள் முதுகோடு முதுகாக உட்காரும் இரு வரிசைகளுக்கு நடுவே எரிபொருள் தொட்டி, போதாததற்குப் பின்கதவுகளுக்குள்ளும் எரிபொருள். நகர்ந்துகொண்டே இருக்கும் வரைக்கும் இந்த வடிவமைப்பில் குறை சொல்ல முடியாது. நின்றுவிட்டால்தான் ஆபத்து. ராஜஸ்தான் பாலைவனத்தை மனதில் வைத்து வாங்கிய வண்டி அது.

மௌ ஊரில் இருந்த போர்ப்பயிற்சிக் கல்லூரியின் தலைவராக 1980-81-ல் இருந்தபோது, எதிரியிடம் அணுகுண்டு இருந்து நம்மிடம் இல்லாவிட்டால் நம்முடைய டாங்கிகளுக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வியைப் பல அதிகாரிகளுக்கும் அறிஞர்களுக்கும் அனுப்பி, பதில்களைத் தொகுத்துச் சுற்றுக்கு விட்டார். பணியில் இருக்கும் அதிகாரி அணுகுண்டு பற்றி வாய் திறப்பதே விபரீதம் என்றிருந்த காலம். குறைந்த அளவு குண்டு, திருப்பி அடிக்கும் உறுதி, முதலில் அடிக்காத கொள்கை என்ற பிற்கால இந்திய நிலைப்பாட்டில் அவருடைய கைரேகை இருக்கிறது. மூளை பற்றிய புகழ் சும்மா வந்ததில்லை.

எதிரில் அரசாங்கம் இருந்தபோது

1986 கோடையில் தவாங் பக்கம் சும்டோரோங் சூ பள்ளத்தாக்கில், நம் ஆட்கள் பருவத்துக்கு மட்டும் போய்வந்த வாங்டுங் என்ற இடத்தில் சீனர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். 1962-ல் நாம் அடி வாங்கிய நாம்கா சூ ஆற்றுக்கு அருகில்தான் இது. அன்று செய்த தவறு, சாலையும் சோறும் இல்லாத பள்ளத்தாக்குக்குள் வீரர்களை இறக்கி, மேட்டைச் சீனர்களுக்கு விட்டது. சுந்தர்ஜி தலைகீழாகச் செய்தார். அப்போதுதான் விமானப்படைக்கு வந்திருந்த எம்.ஐ.-26 கன ரக ஹெலிகாப்டர்களைக் கொண்டு ஜெமிதாங் பகுதிக்குப் படையைத் தூக்கிச் சென்று, பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கும் ஹாதுங் லா முகட்டில் ஏற்றினார். சாலை போட்டு முடிக்கும் வரை காத்திருந்தால் பனி விழுந்துவிடும். அதற்குள் மேடு யாருடையது என்பது முடிவாகிவிட வேண்டும். டெல்லியில் பலருக்கு வயிறு கலங்கியது. ஆனால் இரண்டு பக்கமும் பேச்சுக்கு வந்தது, 1988 டிசம்பரில் ராஜீவ் பெய்ஜிங் போனார். சும்டோரோங் சூவில் ஒரு குண்டு கூட வெடிக்காமல் வந்த பலன் இது. அவருடைய பணிக்காலத்தில் எனக்கு மறுப்பே இல்லாத அத்தியாயம் இது ஒன்றுதான்.

அதே குளிர்காலத்தில் ராஜஸ்தானில் பிராஸ்டாக்ஸ் பயிற்சி. வரைபடத்தில் ஆடும் ஆட்டமாக 1986 ஜூலையில் தொடங்கி, கட்டம் கட்டமாக வளர்ந்து, 1987 தொடக்கத்தில் லட்சக்கணக்கான வீரர்கள் பாலைவனத்தில் இறங்கும் அளவுக்குப் போனது. இயந்திரமயப் படைகள் தொலைவில் இருக்கும் இலக்கை நோக்கி எப்படி ஓடும், அவற்றுக்கு டீசலும் தண்ணீரும் குண்டும் எப்படிப் போய்ச் சேரும் என்று சோதிப்பது அறிவித்த நோக்கம். எந்தப் பெரும் பயிற்சிக்கும் ஒரு பிரச்சினை உண்டு: எதிராளி நோக்கத்தைப் பார்ப்பதில்லை, இருப்பைப் பார்ப்பான். இரண்டு நாள் நகர்ந்தால் எல்லையைத் தொடும் தூரத்தில் கவச டிவிஷன்கள் குண்டோடு நிற்கின்றன. இது பயிற்சி என்று கடிதத்தில் எழுதிக் கொடுத்தால் நம்புவதற்கு ஆளில்லை. பாகிஸ்தானும் தன் பயிற்சிக்காக வெளியே வந்த இரண்டு பெரும் கையிருப்புப் படைகளைப் பாசறைக்குத் திருப்பாமல், ஒன்றை சட்லெஜைத் தாண்டி பஞ்சாபுக்கு எதிரே, இன்னொன்றை ஷகர்கர் பகுதியில் கொண்டுவந்து நிறுத்தியது. நம் படையெல்லாம் ராஜஸ்தானில். அபோஹர், ஃபாசில்கா பக்கம் காலி. ஜனவரி 23-ஆம் தேதி இந்தியா எல்லையை மூடி, விமானத்தில் வீரர்களைப் பஞ்சாபுக்கு அனுப்பியது. பிப்ரவரி 4-ல் இரு வெளியுறவுத் துறைகளும் பகுதி பகுதியாகப் படை விலக்க ஒப்புக்கொண்டன. அந்த மாதமே பாகிஸ்தான் அதிபர் ஜியா உல் ஹக் கிரிக்கெட் பார்க்க ஜெய்ப்பூர் வந்து சிரித்துவிட்டுப் போனார்.

அப்போது மேற்குப் பிராந்தியத் தளபதியாக இருந்த பி.என். ஹூன், இது பயிற்சியே இல்லை, போருக்கான ஏற்பாடு, பிரதமருக்கே முழுசாகத் தெரியாது என்று பின்னாளில் குற்றம் சாட்டினார். அணுகுண்டு பாகிஸ்தான் கைக்குப் போகுமுன் அதை ஒரு கை பார்க்கும் கடைசி வாய்ப்பு என்று சுந்தர்ஜி நினைத்தார் என்பது அந்தக் கட்சியின் வாதம். நிரூபிக்க வழியில்லை. எதிராளியின் இரண்டு கையிருப்புப் படைகளும் எங்கே நிற்கின்றன என்று சில நாள் பிடிபடவில்லை என்பதுதான் என் கண்ணில் படுவது. வேகத்தை நம்பிய திட்டத்தில் தகவல் பின்தங்கியது. அங்கே அதைச் சரிசெய்ய ஹாட்லைன் இருந்தது, தூதர்கள் இருந்தார்கள், நிறுத்து என்றால் நிறுத்தக்கூடிய ஒரு சர்வாதிகாரி அந்தப் பக்கம் இருந்தார்.

விடிவதற்குள்

அமிர்தசரஸ் இதற்கெல்லாம் முந்தியது. 1984 ஜூன். பொற்கோயிலுக்குள் பிந்தரன்வாலேயும் அவருடைய ஆயுதபாணிகளும். டிவிஷன் தளபதி கே.எஸ். பிரார், மேற்குப் பிராந்தியத்தின் தலைமை அதிகாரி ரஞ்சித் சிங் தயாள், மேலே சுந்தர்ஜி. ஜூன் 5 இரவு இறங்கி விடிவதற்குள் முடித்துவிட வேண்டும். விடிந்தால் கிராமத்து மக்கள் திரண்டு வருவார்கள் என்ற பயம். உள்ளே பாதுகாப்பு ஏற்பாடு செய்திருந்தவர் ஷபேக் சிங், 1971-ல் வங்கதேச விடுதலைக்குப் போரிட்ட முக்தி பாஹினிக்குப் பயிற்சி கொடுத்த முன்னாள் மேஜர் ஜெனரல். ஆயுதபாணிகள் தங்கியிருந்த, கோயில் வளாகத்துக்குள் இருக்கும் அகால் தக்துக்கு முன்னால் உள்ள வெள்ளைச் சலவைக்கல் தளத்தில் கறுப்பு உடையில் கமாண்டோக்கள் ஓடினார்கள். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்ததால் வாயுக் குண்டுகள் உள்ளே போகவில்லை. தரை மட்டத்தில் துளை போட்டு வைத்த இயந்திரத் துப்பாக்கிகள் காலில் சுட்டன. கவச வண்டி ஒன்றை அனுப்பினார்கள், ராக்கெட் அடித்து நிறுத்தினார்கள். கடைசியில் விஜயந்தா டாங்கிகள் உள்ளே வந்து 105 மி.மீ. பீரங்கியால் அகால் தக்தைச் சுட்டன. அந்த டாங்கிகளும் ஆவடியில் செய்தவைதான்.

அரசின் வெள்ளை அறிக்கை 83 ராணுவத்தினர் இறந்ததாகச் சொல்கிறது, உள்ளே இறந்தவர்கள் 493 என்கிறது. இந்த இரண்டாவது எண்ணைச் சீக்கியர்கள் பெரும்பாலோர் ஏற்றதில்லை. குரு அர்ஜன் தேவின் நினைவு நாளுக்காகக் கூடிய யாத்ரீகர்கள் உள்ளே இருந்தார்கள் என்பதே அந்தத் தேதியின் மீதான தீராத குற்றச்சாட்டு. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி, பேசிக்கொண்டே நாள்கணக்கில் முற்றுகையிட்டால் என்ன என்பதற்கு ராணுவத்தின் பதில், வெளியே பஞ்சாப் பற்றி எரியும் என்பது. 1988-ல் அதே கோயிலில் காவல்துறை முற்றுகையிட்டு, காத்திருந்து, சரணடைய வைத்தது. நிலைமை வேறு, ஆயுதபாணிகள் குறைவு, பெரிய தலைகள் யாரும் இல்லை, எல்லாம் உண்மைதான். ஆனாலும் கெடு இல்லாத ஒரு வழி இருந்தது என்பதற்கு அது சாட்சி.

இதில் சுந்தர்ஜிக்கு ஒரு பாடம் இருந்தது. சுவருக்குள் இருப்பவனிடம் வேகம் செல்லாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இரவில் இறங்கினால், விடிந்ததும் பெரிய ஆயுதத்தைத்தான் தேட வேண்டிவரும். மூன்று வருடம் நாலு மாதம் கழித்து அதே தேர்வு மறுபடி வந்தது.

அக்டோபர் 11 இரவு

1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம், உண்ணாவிரதத்தில் திலீபனின் மரணம், பலாலி ராணுவ முகாமில் குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட 12 புலிகளின் சயனைட் மரணம் எல்லாம் இதைப் படிப்பவர்களுக்குத் தெரியும். ராணுவப் பக்கம் என்ன இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். போனது ஹர்கிரத் சிங் தலைமையிலான 54-ஆவது டிவிஷன், ஹைதராபாத் பக்கத்துப் படை. சண்டைக்குப் போகிறோம் என்ற நினைப்பில்லாமல் அவசரத்தில் ஏறியதால் பல பட்டாலியன்கள் முழு ஆள்பலம் இல்லாமல் போயின. வீரன் கையில் தோட்டா தோட்டாவாகச் சுடும் 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர்., 20 தோட்டா மேகசின், எதிரில் ஏ.கே.-47, 30 தோட்டா. ஒழுங்கை முனையில் பத்து மீட்டர் தூரத்தில் சந்தித்துக்கொள்ளும்போது எஸ்.எல்.ஆரின் தூரமும் துல்லியமும் எதற்கு? வரைபடங்கள் பழையவை. புலிகளின் பலம் பற்றி உளவுத்துறை கொடுத்த மதிப்பீடு மிகவும் குறைவு.

இத்தனையும் இருக்க, புலிகளைச் சில வாரங்களில் செயலிழக்கச் செய்துவிடலாம் என்று சுந்தர்ஜி பிரதமரிடம் உறுதி சொன்னதாக தீட்சித் எழுதியிருக்கிறார். தன் பக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய ஆள் தீட்சித், அதனால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். ஆனால் அந்த அக்டோபரில் ராணுவம் நடந்துகொண்ட விதம் அந்தக் கெடுவோடு அச்சாகப் பொருந்துகிறது. அக்டோபர் 10-ல், யாழ்ப்பாணத்தைப் புலிகளிடமிருந்து பிடிப்பதற்கான பவன் நடவடிக்கை தொடங்கியது. மறுநாள் இரவே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு ஹெலிகாப்டரில் ஆளை இறக்கினார்கள்.

திட்டம் இது. பல்கலைக்கழகத்துக்கு அருகில் உள்ள கொக்குவில் பக்கம் புலிகளின் தலைமை கூடுகிறது என்று தகவல். பல்கலைக்கழக மைதானத்தில் எம்.ஐ.-8 ஹெலிகாப்டர்கள் முதலில் கமாண்டோக்களை இறக்கும். அவர்கள் இடத்தைப் பிடித்து விளக்குக் காட்டுவார்கள். பின்னாலேயே 13-ஆவது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் நடை நடையாக வந்து இறங்கி மைதானத்தைத் தக்கவைப்பார்கள். கமாண்டோக்கள் தலைமையைப் பிடிக்கப் போவார்கள். விடிந்ததும் தரைப்படை வந்து கைகோக்கும். காகிதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் இந்திய ராணுவ வானொலியைப் புலிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மைதானத்தைச் சுற்றியுள்ள கட்டடங்களில் கனரக இயந்திரத் துப்பாக்கியோடு காத்திருந்தார்கள். ஹெலிகாப்டர் இறங்கும்போது கொஞ்ச நேரம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். அதைவிட நல்ல இலக்கு கிடைக்காது. முதல் நடைகளிலேயே ஹெலிகாப்டர்கள் தோட்டாவால் துளைபட்டன. அடுத்த நடைகளை நிறுத்தினார்கள்.

இறங்கியிருந்த சீக்கிய வீரர்கள் 30 பேர், ஒரு பிளட்டூன். மீதி வரும் என்று காத்திருந்தார்கள். வானொலித் தொடர்பு அறுந்தது. வராது என்று சொல்லக்கூட வழியில்லை. கமாண்டோக்கள் தலைமையைத் தேடிக் கொக்குவில் ஒழுங்கைகளுக்குள் போய், யாரையும் பிடிக்க முடியாமல் வீடுகளுக்குள் மாட்டிக்கொண்டார்கள். கண்ணிவெடிக்குப் பயந்து சாலையை விட்டு ரயில் பாதை வழியே டாங்கி ஓட்டிப் போய்த்தான் அவர்களை மீட்க முடிந்தது. அந்த மீட்பின் வழியில்தான் பிரம்படி என்ற ஒழுங்கை இருக்கிறது. அங்கே செத்த பொதுமக்களைப் பற்றி யாழ்ப்பாணத்தார் இன்றும் பேசுகிறார்கள், இந்திய ராணுவ நூல்கள் அநேகமாகப் பேசுவதில்லை. மைதானத்தில் நின்ற 30 பேரில் 29 பேர் மறுநாள் முற்பகலுக்குள் தோட்டா தீரத் தீர இறந்தார்கள். ஒருவர் பிடிபட்டார்.

இதைத் தனி ஒரு திட்டத்தின் தோல்வி என்று சொல்லிக் கடந்துவிடலாம். ராணுவக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு இது சுந்தர்ஜியின் முழு வாழ்க்கையையும் ஒரு மைதானத்துக்குள் சுருக்கிக் காட்டுவதாகப் படுகிறது. ஜெமிதாங்கில் பலித்த அதே வித்தை: சாலை இல்லாத இடத்துக்கு ஹெலிகாப்டரில் தாவு, எதிரி யோசிப்பதற்குள் இடத்தைப் பிடி, மிச்சம் தானாக நடக்கும். ஜெமிதாங்கில் எதிரிக்கு பெய்ஜிங்கைக் கேட்க வேண்டியிருந்தது. கொக்குவிலில் எதிரி யாரையும் கேட்கத் தேவையில்லை. துப்பாக்கியைத் திருப்பினால் போதும்.

இருபது கிலோமீட்டர்

பலாலியிலிருந்து யாழ் நகரம் 20 கிலோமீட்டர் கூட இல்லை. பி.எம்.பி. முழு வேகத்தில் அரை மணிக்குள் போய்விடும். பிரிகேடுகள் பல திசையிலிருந்து நகர்ந்தும், மேலும் பட்டாலியன்களைக் கொண்டுவந்து கொட்டியும், நகரம் கைக்கு வர அக்டோபர் கடைசி வாரம் ஆகிவிட்டது. மதகுக்கு அடியிலும் தார்ச்சாலைக்கு அடியிலும் பீப்பாய்களில் வெடிமருந்தைப் புதைத்து, கம்பி இழுத்துத் தூரத்து வீட்டிலிருந்து வெடிக்க வைத்தார்கள். ஆள் பார்த்து வெடிப்பதால் முதல் வண்டியை விட்டு இரண்டாவதையோ மூன்றாவதையோ அடிக்கலாம். அந்த மெல்லிய அடித்தகடு அதற்குத் தாங்காது. எரிபொருள் நடுவில் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்தால் கண்ணிவெடி, மேலே ஏறி உட்கார்ந்தால் பனைமரத்து மறைவிலிருந்து குறிபார்ப்பவன். சாலையை விட்டு இறங்கினால் இரு பக்கமும் கிடுகு வேலி, மதில், கிணறு, வீட்டுக்குள் மக்கள். வேகமாக நகர்வதற்கென்று செய்த வண்டி, அடுத்த மதகைச் சோதித்து முடிக்கும் வரை காத்து நின்றது. கெடு நெருக்கியதால் கோபமும் பயமும் மக்கள் மேல் திரும்பின. அக்டோபர் 21, தீபாவளி நாளில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அமைதிப்படை என்ற பெயர் தமிழர்கள் மத்தியில் அதோடு முடிந்தது. பிறகு வந்த இரண்டரை ஆண்டில் மொத்தம் சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள்.

மக்களுக்குள் மறைந்திருப்பவனோடு சண்டை போடுவது இந்திய ராணுவத்துக்குத் தெரியாத வித்தையும் இல்லை. நாகாலாந்திலும் மிசோரமிலும் முப்பது வருடம் அதைத்தான் செய்தது. மிசோரமின் வைரெங்டேயில் அதற்கென்றே பயிற்சிப் பள்ளி வைத்திருக்கிறது. அங்கே கற்றுக்கொடுப்பது அவசரப்படாதே என்பதைத்தான். அந்த அனுபவம் உள்ள பட்டாலியன்களைப் பொறுக்கி எடுத்து, ஆறு வாரம் தயார் செய்து அனுப்புவதற்கு ஒரு தளபதி பிரதமரிடம் நேரம் கேட்க வேண்டும். நேரம் கேட்பது சுந்தர்ஜியின் சுபாவத்தில் இல்லை. ராஜீவுக்கும் அப்படிக் கேட்காத தளபதிகளைப் பிடித்திருந்தது.

சென்னை இதையெல்லாம் தள்ளி நின்று பார்த்தது என்று சொல்ல முடியாது. அமைதிப்படையின் தலைமையகமே சென்னையில் இயங்கியது. காயம்பட்டவர்கள் இந்த ஊருக்கு விமானத்தில் வந்தார்கள். அதே ஊரில் புலிகளின் முன்னாள் யாழ்ப்பாணத் தளபதி கிட்டு வீட்டுக் காவலில் இருந்தபடி டெல்லியோடு பேச்சு நடத்திக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் சண்டை, ஒரு பக்கம் பேச்சு என்ற நிலைக்குத் தளபதியைக் குறை சொல்ல முடியாது, அது அரசியல். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது வரவேற்கப் போக மாட்டேன் என்று முதல்வர் கருணாநிதி சொல்லிவிட்டார். சுந்தர்ஜி ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது.

போஃபர்ஸ் பற்றி இரண்டு வார்த்தை

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். ராணுவத் தலைமையகம் பிரெஞ்சு சோஃப்மா பீரங்கியையே தொடர்ந்து முதலிடத்தில் வைத்திருந்தது. 1986 பிப்ரவரியில், சுந்தர்ஜி பதவியேற்ற மாதத்திலேயே, போஃபர்ஸ் முதலிடத்துக்கு வந்தது. மார்ச் 24-ல் 410 பீரங்கிகளுக்கு 1,437 கோடி ரூபாய் ஒப்பந்தம். தேதிகளைப் பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் காரணம் உருப்படியானது. பறக்கும் குண்டின் பாதையைப் பிடித்து, அதைச் சுட்ட பீரங்கி எங்கே இருக்கிறது என்று கணக்கிடும் அமெரிக்க ரேடார் பாகிஸ்தானுக்கு வந்திருந்தது. அதற்குப் பிறகு சுட்ட இடத்திலேயே நிற்கும் பீரங்கிக்குச் சில நிமிடம்தான் ஆயுள். போஃபர்ஸில் சின்ன இன்ஜின் ஒன்று உண்டு. மூன்று குண்டுகளைச் சில நொடிகளில் அனுப்பிவிட்டு, இழுக்க லாரி வரும் வரை காத்திராமல் தானே நகர்ந்துவிடும். பணம் யாருக்குப் போனது என்பது வேறு வழக்கு, பீரங்கியின் தரம் வேறு. 1999 கார்கிலில் அது என்ன செய்தது என்று நாடே பார்த்தது, அவர் பார்க்கவில்லை. அந்த பிப்ரவரி 8-ஆம் தேதியே போய்விட்டார்.

இங்கே அவர்மேல் எனக்குள்ள குறை வேறு. லஞ்சம் வாங்கியவர்கள் பெயரைச் சொல்லாவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்வோம் என்று கம்பெனியை மிரட்டலாம், அதனால் வரும் ராணுவ அபாயத்தைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று 1987-லேயே அரசுக்கு எழுதிக் கொடுத்தேன், அதை மாற்றி எழுதச் சொன்னார்கள் என்று 1989-ல் பேட்டி கொடுத்தார். ஓய்வு பெற்ற பிறகு. பதவியில் இருந்தபோது சொல்லிவிட்டு வெளியேறியிருந்தால் அரசாங்கமே ஆடிப்போயிருக்கும். நாட்கணக்கைத் தயங்காமல் சொன்னவர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமையாகக் காத்திருந்தார்.

யாழ்ப்பாணம் பற்றி ஹர்கிரத் சிங் எழுதினார், அவருக்கு மேலிருந்த தீபிந்தர் சிங் எழுதினார், தீட்சித் எழுதினார். மூவர் எழுத்திலும் தவறு வேறு யாரோ செய்தது. சுந்தர்ஜி தன் நினைவுகளை எழுதத் தொடங்கினார். நரம்பு தளர்ந்து உடல் செயலிழக்கும் மோட்டார் நியூரான் நோய் வந்து, பாதியிலேயே நின்றுவிட்டது. ஆகவே பல்கலைக்கழக மைதானத்துக்கு யார் சரி சொன்னது, எத்தனை நாள் என்று டெல்லியில் அவர் சொன்ன எண் என்ன, அந்த எண்ணை எதை வைத்துப் போட்டார் என்பதற்கெல்லாம் இன்றைக்கும் மற்றவர்கள் சொல்வதை வைத்துத்தான் நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.